2>/டெவ்/நல் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நேத்து வந்த கோபம் இன்னும் அடங்கலைங்க. அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

ஒரு சின்னக் கம்பெனியில சர்வர் பார்த்துக்கிற தம்பி போன் பண்ணினார்.

"அண்ணே, பேக்கப் ஃபைல் எல்லாம் தேதி வாரியா இருக்கு. பிரிச்சுப் பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்லண்ணே."

"சைஸ் எவ்வளவு தம்பி?"

"எல்லாமே 20 பைட்ண்ணே."

20 பைட்னு காதுல விழுந்ததுமே விஷயம் புரிஞ்சிடுச்சு. ஜிஸிப்கிட்ட ஒண்ணுமே கொடுக்காம அமுக்கச் சொன்னா, அது 20 பைட்ல ஒரு ஃபைல் எழுதும். தலைப்பகுதிக்கு 10, 'உள்ள சரக்கு இல்லை'ங்கிறதுக்கு 2, சரிபார்க்கிற எண்ணும் அளவும் சேர்த்து 8. முறைப்படி அது சரியான ஜிஸிப் ஃபைல்தான். பிரிச்சா எந்தப் புகாரும் வராது. தினமும் புதுத் தேதியோட ஒரு ஃபைல் வந்துக்கிட்டே இருக்கும்.

ஸ்கிரிப்டை அனுப்பச் சொன்னேன். பைத்தான் புரோகிராம். உள்ள ஓஎஸ்.சிஸ்டம்னு கூப்பிட்டு ஷெல்லுக்கு ஒரு நீள வரியைக் கொடுத்திருந்தாங்க. சுருக்கிச் சொன்னா இப்படி:

மைசீக்வல்டம்ப் 2>/டெவ்/நல் | ஜிஸிப் > பேக்கப்

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எப்பவோ மாத்தியிருக்காங்க. ஸ்கிரிப்ட்ல இருக்கிறது பழசு. மைசீக்வல்டம்ப் ஒவ்வொரு ராத்திரியும் ஒழுங்கா உண்மையைச் சொல்லியிருக்கு: எரர் 1045, இந்த யூசருக்கு அனுமதி இல்லை. அந்த வரி நேரா /டெவ்/நல்லுக்குப் போயிடுச்சு, அதாவது குப்பைக்கு. ஜிஸிப் ஒண்ணுமில்லாததை அமுக்கி வச்சிட்டு, எக்ஸிட் கோட் 0 கொடுத்திருக்கு. பைப்ல கடைசியா நிக்கிற கமாண்டோட எக்ஸிட் கோட்தான் மொத்த வரிக்கும் எக்ஸிட் கோட். ஆக பைத்தானுக்கும் 0 தான் வந்திருக்கு.

(லைவ் டேட்டாபேஸுக்கு ஒண்ணும் ஆகலை. டெஸ்ட் சர்வர்ல போட ஒரு காப்பி தேவைப்பட்டு, அதுக்காகத்தான் தம்பி பேக்கப்பைத் திறந்திருக்கார். அந்தத் தேவை வரலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது.)

சரி, அந்த 2>/டெவ்/நல்லை ஏன் போட்டாங்க? அதையும் கண்டுபிடிச்சோம். மைசீக்வல்டம்ப்புக்குப் பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியிலேயே கொடுத்தா, 'இப்படிக் கொடுக்கிறது பாதுகாப்பு இல்லை'ன்னு ஒரு எச்சரிக்கை வரி வரும். ஒவ்வொரு தடவையும் வரும். க்ரான் அதை மெயிலா அனுப்பும். அந்த நச்சரிப்பு தாங்காம யாரோ வாயை அடைச்சிருக்காங்க. எச்சரிக்கையோட சேர்த்து, அதுக்கப்புறம் வரப்போற எல்லா எரருக்கும் சேர்த்து அடைச்சாச்சு.

எனக்கு எரிச்சல் வர்றது இங்கதான். ஒரு புரோகிராம் இன்னொரு கமாண்டை ஓட்டும்போது, டெர்மினல் முன்னாடி மனுஷன் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டான். அந்தக் கமாண்ட் வாய்விட்டுச் சொல்றதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் உங்க புரோகிராம்தான். அதுவும் காதைப் பொத்திக்கிட்டா அப்புறம் யார் கேட்பா?

கொஞ்சம் அடிப்படையிலேருந்து வர்றேன். தெரிஞ்சவங்க ஒரு பத்தி தாண்டிப் போங்க.

யூனிக்ஸ் வகை சிஸ்டத்துல ஒரு கமாண்ட் ஓட ஆரம்பிக்கும்போதே மூணு வழி திறந்திருக்கும். 0 உள்ள வர்றதுக்கு, 1 விடை வெளிய போறதுக்கு, 2 புகார் வெளிய போறதுக்கு. 1 ஸ்டாண்டர்ட் அவுட்புட், 2 ஸ்டாண்டர்ட் எரர். டெர்மினல்ல ஓட்டும்போது ரெண்டும் ஒரே திரையில வந்து விழுறதால, ரெண்டும் ஒண்ணுதான்னு பலர் நினைச்சுக்கிறாங்க. > போட்டா 1 மட்டும்தான் ஃபைலுக்குத் திரும்பும். 2> போட்டா 2 திரும்பும்.

இந்த 2 ஆரம்பத்துல கிடையாதுங்க! எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. பெல் லேப்ஸ்ல யூனிக்ஸ் 1969-ல ஆரம்பிக்குது. 1973-ல டக் மெக்கில்ராய் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்த பைப்பை கென் தாம்ப்சன் போட்டுக் கொடுக்கிறார். அப்பவும் விடையும் புகாரும் ஒரே வழியிலதான் போகுது. ஒரு கமாண்டோட எரர் வரி, பைப் வழியா அடுத்த கமாண்டுக்குள்ள டேட்டாவாப் போய் விழும். 1975-ல வந்த ஆறாவது எடிஷன் வரைக்கும் இதைச் சகிச்சுக்கிட்டிருந்தாங்கன்னு மெக்கில்ராயே எழுதி வச்சிருக்கார்.

அங்க ஒரு ஃபோட்டோடைப்செட்டர் இருந்துச்சு. கட்டுரையை அச்சுத் தரத்துல ஃபோட்டோ பேப்பர்ல எடுக்கிற மெஷின். வேலையைக் கொடுத்துட்டு, அந்தப் பேப்பரை ரசாயனத்துல கழுவி எடுக்கிற வரைக்கும் காத்திருக்கணும். காத்திருந்து கையில வாங்கினா, பக்கத்துல ஒரே ஒரு வரி: ஃபைலைத் திறக்க முடியலை. அழகான எழுத்துருல, நேர்த்தியா அச்சாகி! யாக்ங்கிற கருவியை எழுதின ஸ்டீபன் ஜான்சன் சொன்ன கதை இது. இந்த மாதிரி கொஞ்சம் நடந்ததும் டென்னிஸ் ரிட்சி புகாருக்குன்னு தனி வழி திறந்துட்டார். அதான் 2.

1979-ல வந்த ஏழாவது எடிஷன்ல ஸ்டீவ் போர்னோட ஷெல் வருது. இன்னைக்கு நாம எழுதுற 2>, 2>&1 எல்லாம் அந்த ஷெல் கொடுத்த வழக்கம். (அதே காலத்துல பெர்க்லில பில் ஜாய் எழுதின சி ஷெல்ல எரரை மட்டும் தனியாத் திருப்ப நேர் வழி இல்லை. அது ஸ்கிரிப்ட் எழுத லாயக்கில்லைன்னு பேர் வாங்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்.)

யோசிச்சுப் பாருங்க. விடையோட எரர் கலந்து போகக் கூடாதுன்னுதான் அவ்வளவு பெரிய மனுஷங்க தனி வழி போட்டாங்க. நாம 2>&1 போட்டு மறுபடி ஒண்ணாக் கலக்குறோம். இல்லைன்னா /டெவ்/நல்ல தள்ளுறோம்.

2>&1 வேண்டவே வேண்டாம்னு சொல்லலை. எங்க போடணும்னு தெரிஞ்சு போடுங்க. முதல்ல அதோட வரிசை.

கமாண்ட் > ஃபைல் 2>&1

கமாண்ட் 2>&1 > ஃபைல்

இந்த ரெண்டும் ஒண்ணு இல்லை. பாதிப் பேர் மனப்பாடமா முதல் வரியை அடிக்கிறாங்க, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஷெல் இடமிருந்து வலமாப் படிக்கும். 2>&1-ன்னா '1 இப்ப எங்க போகுதோ, அந்த இடத்தை 2-க்கும் எழுதிக்கோ'ன்னு அர்த்தம். '2 இனிமே 1 பின்னாடியே போகட்டும்'னு அர்த்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விலாசத்தை நீங்க தபால் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து, 'என் தபாலும் அங்கயே வரட்டும்'னு சொல்றீங்க. மறுநாள் அவர் வீடு மாறிப் போயிட்டார். உங்க தபால் பழைய வீட்டுக்குத்தான் வரும். ரெண்டாவது வரியில நடக்கிறது அதுதான். 2, டெர்மினலோட விலாசத்தை எழுதிக்கிச்சு. அப்புறம்தான் 1 ஃபைலுக்குக் குடி போச்சு.

ரெண்டாவது வரிக்கும் உபயோகம் இருக்கு. 2>&1 >/டெவ்/நல் | போட்டு, விடையை விட்டுட்டு எரரை மட்டும் பைப்ல எடுக்கலாம். அபூர்வமா தேவைப்படும்.

முதல் வரி சரின்னு வச்சுக்கிட்டு, இப்ப மைசீக்வல்டம்ப்புக்கு அதைப் போட்டா என்ன ஆகும்? அந்தப் பாஸ்வேர்ட் எச்சரிக்கை, பேக்கப் ஃபைலுக்குள்ள முதல் வரியா உட்காரும். திரும்ப டேட்டாபேஸ்ல ஏத்தும்போது முதல் வரியிலேயே சின்டாக்ஸ் எரர். இந்த விஷயத்தை எத்தனை பேர் எத்தனை விதமா என்கிட்ட கேட்டிருக்காங்கன்னு கணக்கே இல்லை. ஃபைலைத் திறந்து முதல் வரியை அழிச்சிட்டு ஏத்திக்கிட்டிருக்கிற ஆட்களும் உண்டு. முதல் வரியிலேயே வந்தா அதிர்ஷ்டம். பாதி டம்ப்ல எரர் வந்தா நடுவுல எங்கயோ சொருகியிருக்கும்.

இதுவரைக்கும் ஷெல் கதை. புரோகிராமுக்குள்ளேருந்து ஓட்டும்போதுதான் புதுச் சிக்கல் எல்லாம் கிளம்பும்.

தம்பியோட ஸ்கிரிப்டைச் சரி பண்ணும்போது, எரர் என்னன்னு பார்க்க முதல்ல சும்மா ஒரு சோதனை ஓட்டினோம். தம்பி தன்னோட டெர்மினல்ல &> போட்டு ஓட்டினார். ரெண்டும் சேர்ந்து ஒரே ஃபைலுக்குப் போச்சு, அழகா வேலை செஞ்சுது. அதே வரியை அப்படியே பைத்தான் ஓஎஸ்.சிஸ்டம்ல போட்டார். புரோகிராம் உடனே முடிஞ்சிடுச்சு. எக்ஸிட் கோட் 0. ஃபைல் காலி. கொஞ்ச நேரம் கழிச்சு எரர் வரி தனியா டெர்மினல்ல வந்து விழுது!

"என்னண்ணே இது, பேய் ஓட்டுதா?"ன்னார்.

பேய் இல்லைங்க, அது டாஷ். நீங்க டெர்மினல்ல பேசுறது பாஷ்கிட்ட. ஆனா புரோகிராம் சிஸ்டம்()னு கூப்பிட்டா அது போய் நிக்கிறது /பின்/எஸ்ஹெச் வாசல்ல. உபுண்டுல 2006 அக்டோபர்ல வந்த 6.10 பதிப்புலேருந்து அங்க இருக்கிறது பாஷ் கிடையாது, டாஷ். டெபியன் 2011-ல ஸ்குவீஸ் பதிப்புல மாறிடுச்சு. டாஷ் சின்னது, வேகமானது, ஆனா பாஷோட சொந்தச் சரக்கெல்லாம் அதுக்குத் தெரியாது. &> அதுல ஒண்ணு. டாஷ் அதை எப்படிப் படிக்கும் தெரியுமா? 'கமாண்ட் &', அதாவது பின்னணியில ஓட்டு. அப்புறம் '> ஃபைல்', அதாவது ஒரு காலி ஃபைலை உருவாக்கு. இலக்கணப்படி ரெண்டுமே சரி. அதனால எரரும் வராது! பின்னணியில தள்ளிட்டதால உடனே 0.

ரெட் ஹேட் வகையில /பின்/எஸ்ஹெச் பாஷ்தான். அங்க எழுதி அங்க ஓடின ஸ்கிரிப்டை உபுண்டு சர்வருக்குக் கொண்டு வந்தா இந்த மாதிரி ஆட்டம் காட்டும். நான் சொல்றது ஒண்ணுதான்: புரோகிராமுக்குள்ள எழுதுற வரியில &> வேண்டாம். கமாண்ட் > ஃபைல் 2>&1 பாஷ், டாஷ் ரெண்டுக்கும் புரியும்.

அதைவிட நல்லது, ஷெல்லையே நடுவுல கூப்பிடாம இருக்கிறது. பைத்தான்ல சப்பிராசஸ் மாட்யூல் 2004-ல வந்த 2.4 பதிப்புலேருந்து இருக்கு. கமாண்டையும் அதோட வார்த்தைகளையும் ஒரு லிஸ்டா கொடுத்து, விடை எங்க போகணும், எரர் எங்க போகணும்னு தனித்தனியா நாமளே சொல்லலாம். ஷெல் இல்லைன்னா ஃபைல் பேர்ல இடைவெளி இருந்தா உடையுமா, யாராவது வம்பா செமிகோலன் போட்டுப் பேர் வச்சிருந்தா நம்ம சர்வர்ல வேற கமாண்ட் ஓடுமாங்கிற கவலையும் போச்சு.

பிஹெச்பி எழுதுறவங்களுக்கு: எக்ஸெக், ஷெல்_எக்ஸெக் ரெண்டும் 1-ஐ மட்டும்தான் பிடிச்சுத் தரும். 'கமாண்ட் ஓடலை, காலி ஸ்ட்ரிங் வருது'ன்னு தலையைப் பிய்ச்சுக்காதீங்க. அப்பாச்சியில ஓடுதுன்னா அதோட எரர் லாக்கைத் திறங்க, பெரும்பாலும் அங்க இருக்கும். தனித்தனியா வேணும்னா ப்ராக்_ஓபன். ரூபிக்கு ஓபன்3. நோட்ல எக்ஸெக் ரெண்டையும் தனித்தனியாத் தரும், ஆனா கமாண்ட் வழக்கமான அளவான 1 எம்பிக்கு மேல பேசினா அதைக் கொன்னுடும். கோ மொழியில அவுட்புட்டுக்குன்னு ஒண்ணு, கலந்து வாங்க ஒண்ணுன்னு ரெண்டு இருக்கு. பேர் வேற வேற. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: 2 எங்க போகுது?

இப்ப எல்லாத்தையும் விட மோசமான ஒண்ணு. புரோகிராம் அப்படியே உறைஞ்சு நிக்கிறது.

இதை நான் ஒரு வீடியோ மாத்துற வேலையில நேர்ல பார்த்தேன். எஃப்எஃப்எம்பெக்கைப் பைத்தான்லேருந்து ஓட்டுது ஒரு புரோகிராம். சின்ன வீடியோ கொடுத்தா ஓடுது. பெரிய வீடியோ கொடுத்தா பாதியில நிக்குது. சிபியு சும்மா இருக்கு. எரர் இல்லை, லாக் இல்லை, ஒரு சத்தம் இல்லை. மெமரியைச் சந்தேகப்பட்டாங்க, டிஸ்க்கைச் சந்தேகப்பட்டாங்க, வீடியோ ஃபைலே கெட்டுப் போச்சுன்னாங்க.

நடந்தது என்னன்னா, அந்தப் புரோகிராம் 1-க்கு ஒரு பைப், 2-க்கு ஒரு பைப்னு ரெண்டு திறந்திருந்துச்சு. முதல்ல 1-ஐக் கடைசி வரைக்கும் படி, அது முடிஞ்சதும் 2-ஐப் படின்னு எழுதியிருந்தாங்க. கேட்கிறப்போ நியாயமாத்தான் தெரியும். ஆனா பைப்புக்கு ஒரு கொள்ளளவு இருக்குங்க. லினக்ஸ்ல வழக்கமா 65,536 பைட். எஃப்எஃப்எம்பெக் 'இத்தனை ஃப்ரேம் முடிஞ்சது, இத்தனை வேகம்'னு ஓயாம 2-ல எழுதிக்கிட்டே இருக்கும். அந்த 64 கேபி நிறைஞ்சதும், யாராவது படிச்சு இடம் விடுற வரைக்கும் எழுத முடியாம நின்னுடும். இந்தப் பக்கம் புரோகிராம் 1 முடியட்டும்னு காத்திருக்கு. அது இதுக்காக, இது அதுக்காக. ரெண்டும் காலத்துக்கும் நகராது. சின்ன வீடியோ 64 கேபி நிறையறதுக்குள்ள முடிஞ்சிடும், அதனால டெஸ்ட்ல மாட்டவே மாட்டாது. போய்ச் சேர்ந்த இடத்துலதான் மாட்டும்.

தீர்வு கஷ்டமே இல்லை. பைத்தான்ல கம்யூனிகேட்னு ஒண்ணு இருக்கு, அது ரெண்டு பைப்பையும் ஒரே சமயத்துல படிக்கும். சப்பிராசஸ்.ரன் உள்ளுக்குள்ள அதைத்தான் கூப்பிடுது. நான் இதைவிட எளிமையான வழியைத்தான் விரும்புவேன்: எரருக்குப் பைப்பே வேண்டாம், நேரா ஒரு ஃபைலைத் திறந்து 2-ஐ அதுக்குக் கொடுத்துடுறது. ஃபைல் பைப் மாதிரி நிறைஞ்சு வழியை மறிக்காது. புரோகிராமே நடுவுல செத்துப் போனாலும் அதுவரைக்கும் எழுதினது டிஸ்க்ல இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். ரெண்டையும் ஒரே ஃபைல்ல கலந்தா வரி வரிசை மாறித் தெரியும். டெர்மினலுக்குப் போகும்போது 1 வரி வரியா வெளியேறும். ஃபைலுக்கோ பைப்புக்கோ போகும்போது சேர்த்து வச்சு மொத்தமாத்தான் கொட்டும். 2 சி மொழியில பிறந்ததுலேருந்தே சேர்த்து வைக்காது, அப்பப்பவே எழுதும். அதனால லாக்ல எரர் முதல்லயும், அதுக்கு முன்னாடி நடந்த வேலை பின்னாடியும் வரும். அந்த வரிசையை நம்பி 'இந்த ஸ்டெப்ல செத்திருக்கு'ன்னு முடிவு கட்டாதீங்க.

சரி, எரரைத் தனியாப் பிடிச்சாச்சு. அப்ப 2-ல ஏதாவது வந்தா தோல்வி, வரலைன்னா வெற்றின்னு எழுதிடலாமா?

எழுதாதீங்க. நல்லா ஓடுற கமாண்டும் 2-ல பேசும். கர்ல் தன் முன்னேற்றக் கணக்கை அங்கதான் காட்டும். டபிள்யூகெட் அங்கதான் பேசும். டிடி முடிச்சதும் எத்தனை பிளாக்னு அங்க சொல்லும். எஃப்எஃப்எம்பெக் பத்திச் சொல்லவே வேண்டாம், அதோட வீடியோ 1 வழியாப் போகலாம், அதனால பேச்செல்லாம் 2. ஜாவா பதிப்பு என்னன்னு ஒற்றைக் கோடு போட்டுக் கேட்டா விடையே 2-ல வரும்! (ஜாவா 9-லேருந்து ரெண்டு கோடு போட்டுக் கேட்டா 1-ல வரும்.) இது குறை இல்லை. விடை சுத்தமாப் போகணும், மத்த பேச்செல்லாம் இந்தப் பக்கம்னு வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

வெற்றியா தோல்வியான்னு சொல்றது எக்ஸிட் கோட். 0 வெற்றி, மத்ததெல்லாம் தோல்வி. (சில கமாண்ட் சொந்த அர்த்தம் வச்சிருக்கும். கிரெப் 1 கொடுத்தா தேடினது கிடைக்கலைன்னு அர்த்தம், 2 கொடுத்தாத்தான் நிஜமான எரர்.) ஏன் தோல்வின்னு சொல்றது 2. ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுக் கதை. பைத்தான்ல செக்=ட்ரூன்னு போட்டு நிம்மதியா இருக்கிறவங்க கவனிங்க: தோத்தா வர்ற எக்ஸெப்ஷன்ல 'எக்ஸிட் ஸ்டேட்டஸ் 2'ன்னு எண் மட்டும்தான் இருக்கும். கமாண்ட் சொன்ன காரணம் அந்தச் செய்தியில வராது. எரரைப் பிடிக்கச் சொல்லியிருந்தா எக்ஸெப்ஷனுக்குள்ள தனியா இருக்கும், நாமதான் எடுத்து லாக்ல எழுதணும். வெறும் எண்ணை வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு யாரால என்ன பண்ண முடியும் சொல்லுங்க?

ஆனா எரர்ல இருக்கிற வார்த்தையை வச்சு புரோகிராம்ல முடிவெடுக்க வேண்டாம். பதிப்பு மாறினா வார்த்தை மாறும், சிஸ்டத்தோட மொழி மாறினா வாக்கியமே மாறும். அது மனுஷன் படிக்கிறதுக்கு.

மனுஷன் படிக்கிற இடத்துக்குப் போய்ச் சேரணும், அதுவும் முக்கியம். 2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல நடந்ததை அவங்களே வெளிப்படையா எழுதியிருக்காங்க. தவறுதலா லைவ் டேட்டாபேஸ் டைரக்டரி அழிஞ்சுது. பேக்கப்பைத் தேடினா காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, ஆனா டம்ப் எடுக்க ஓடினது 9.2 பதிப்புக் கமாண்ட். பதிப்பு ஒத்துப் போகலைன்னு அது எரர் சொல்லிட்டு நின்னுடுச்சு. க்ரான் அந்த எரரை மெயில்ல அனுப்பிச்சு. அந்த மெயிலை டிமார்க் சரிபார்ப்பு இல்லைன்னு மெயில் சர்வர் ஏத்துக்கலை. கமாண்ட் சொல்லுச்சு, க்ரான் சொல்லுச்சு, கேட்க ஆள் இல்லை. ஏறக்குறைய ஆறு மணி நேர டேட்டாபேஸ் மாற்றம் போச்சு. சுமார் 5,000 புராஜெக்ட், 5,000 கமெண்ட், 700 புதுக் கணக்கு பாதிக்கப்பட்டிருக்கும்னு அவங்க கணக்குச் சொன்னாங்க. அந்த அளவு திறமைசாலிங்க இருக்கிற இடத்துலயே இப்படின்னா, ஒத்தை ஆள் சர்வர் பார்க்கிற இடத்துல நாம எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்?

இனி தம்பி ஸ்கிரிப்டை எப்படி மாத்தினோம்னு சொல்றேன்.

முதல்ல நச்சரிப்போட வேரை எடுத்தோம். பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியிலேருந்து எடுத்து, தனி கான்ஃபிக் ஃபைல்ல வச்சு, 600 பர்மிஷன் போட்டு, மைசீக்வல்டம்ப்கிட்ட அந்த ஃபைலைக் காட்டினோம். (டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல்ங்கிற ஆப்ஷன். கமாண்டுக்கு அடுத்து முதல் ஆளா நிக்கணும், நடுவுல போட்டா ஒத்துக்காது.) எச்சரிக்கை நின்னுடுச்சு. வாயை அடைக்க இனிமே காரணமே இல்லை.

அடுத்து ஷெல் வரியை எடுத்துட்டு, பைத்தான்லயே ரெண்டு பிராசஸ். டம்ப்போட 1, ஜிஸிப்போட 0-வுக்குப் போகுது. ஜிஸிப்போட 1 ஒரு தற்காலிக ஃபைலுக்கு. ரெண்டு பேரோட 2-வும் ஒரே எரர் லாக் ஃபைலுக்கு, சேர்த்து எழுதுற முறையில திறந்தது. ஒரே லாக்ல போட்டா யார் சொன்னதுன்னு குழம்பாதான்னு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் குழப்பம் பெல் லேப்ஸ்லயும் வந்திருக்கு, பைப்ல பல கமாண்ட் ஒண்ணா ஓடும்போது எரர் யாரோடதுன்னு தெரியலை. அதனாலதான் யூனிக்ஸ் கமாண்ட் எல்லாம் எரர் வரியைத் தன் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிற பழக்கம். லாக்லயே 'மைசீக்வல்டம்ப்:'னோ 'ஜிஸிப்:'னோ இருக்கும்.

டம்ப்போட பைப்பை பைத்தான் தன் பக்கம் மூடிடணும், அது முக்கியம். மூடலைன்னா ஜிஸிப் நடுவுல செத்தாலும் டம்ப்புக்கு அது தெரியாம, யாரும் படிக்காத பைப்ல எழுதிட்டு நிக்கும்.

அப்புறம் ரெண்டு பேரோட எக்ஸிட் கோடையும் தனித்தனியாக் கேட்கிறோம். ரெண்டும் 0 ஆனாத்தான் தற்காலிக ஃபைலுக்கு பேக்கப் பேரை வைக்கிறோம். ஒண்ணு தோத்தாலும் பேர் மாறாது, லாக்கோட கடைசி வரிகள் தம்பி போனுக்குப் போகும், பைத்தானும் 0 இல்லாத கோடோட வெளியேறும். (ஷெல்லயேதான் எழுதணும்னா பாஷ்ல பைப்ஃபெயில் போடுங்க. டாஷ்ல அது இருக்கும்னு நம்பாதீங்க.) கூடவே ஒரு சரிபார்ப்பு: மைசீக்வல்டம்ப் முழுசா முடிச்சா கடைசியில 'டம்ப் முடிஞ்சது'ன்னு ஒரு கமெண்ட் வரி தேதியோட எழுதும். அமுக்கின ஃபைலைப் பிரிச்சு அந்த வரி இருக்கான்னு பார்க்கிறோம்.

வேணும்னே பழைய பாஸ்வேர்டைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். எக்ஸிட் கோட் 2, லாக்ல 1045, தம்பி போன்ல மெசேஜ். டிஸ்க்கை நிரப்பி வச்சு ஓட்டினோம். ஜிஸிப் பேரோட 'இடம் இல்லை'ன்னு வந்துச்சு. டேட்டாபேஸ் சர்வரையே நிறுத்தி ஓட்டினோம். அதுவும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நல்ல பாஸ்வேர்டைப் போட்டோம். தோல்வி சரியா வருதான்னு பார்க்காம வெற்றியை நம்பவே கூடாதுங்க, என் கட்சி அது.

/டெவ்/நல்லுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. ஒரு கமாண்ட் சிஸ்டத்துல இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்கிறப்போ, பதிலை எக்ஸிட் கோட்லேருந்து எடுத்துக்கிறப்போ, ரெண்டையும் அங்க தள்ளலாம். டிஸ்க் முழுக்க ஃபைன்ட் ஓட்டும்போது வர்ற 'அனுமதி இல்லை' வரிகளை, டெர்மினல்ல உட்கார்ந்திருக்கிறப்போ தள்ளலாம். மனுஷன் எதிர்ல இருக்கான், கண்ணால பார்க்கிறான், தப்பில்லை. தனியா ராத்திரில ஓடுற வேலைக்கு, டேட்டாவைத் தொடுற வேலைக்கு, கூடவே கூடாது.

இன்னைக்கே ஒரு காரியம் பண்ணுங்க. உங்க புரோகிராம் எல்லாம் இருக்கிற ஃபோல்டர்ல '/டெவ்/நல்'னும் 'டெவ்நல்'னும் கிரெப் போட்டுத் தேடுங்க. க்ரான்டேப்பையும் திறந்து பாருங்க, அங்கதான் நிறைய கிடைக்கும். வர்ற ஒவ்வொரு வரிக்கும், 'இந்தக் கமாண்ட் நாளைக்குத் தோத்தா எனக்கு எப்படித் தெரியும்?'னு கேளுங்க. பதில் வரலைன்னா அந்த /டெவ்/நல்லை எடுத்துட்டு ஒரு லாக் ஃபைல் பேரைப் போடுங்க. அதோட, பேக்கப் ஃபைல் இருக்கிற இடத்துக்குப் போய் சைஸையும் ஒரு தடவை பார்த்துடுங்க.